வியாழன் மதியமும் ஞாயிறும்: மாட்ரிட்டில் டொமினிக்கன் பெண்கள் கட்டிய சங்கங்கள்

மாட்ரிட் நகரின் வடமேற்கு ஓரத்தில் அராவாகா என்று ஒரு பகுதி இருக்கிறது. தோட்டம் சூழ்ந்த வீடுகள், வசதியான குடும்பங்கள். நடுவே ஒரு சின்னச் சதுக்கம். ஒரு விண்மீன் கூட்டத்தின் பெயரில் அதை கொரோனா போரியல் சதுக்கம் என்கிறார்கள். 1990-ஐ ஒட்டிய ஆண்டுகளில், மற்ற நாட்களில் ஆளரவம் இல்லாமல் கிடக்கும் அந்த இடம் வியாழன் மதியத்திலும் ஞாயிற்றுக்கிழமையிலும் நிரம்பிவிடும். கூடியவர்களில் பெரும்பாலோர் டொமினிக்கன் குடியரசிலிருந்து வந்து, சுற்றியிருந்த வீடுகளில் தங்கி வேலை செய்த பெண்கள்.

ஏன் அந்த இரண்டு நாள் மட்டும்? ஸ்பெயினில் வீட்டு வேலைக்கென்று 1985-ல் வந்த அரசாணை வாரத்துக்கு 36 மணி நேர ஓய்வு தந்தது. அதில் 24 மணி நேரம் தொடர்ச்சியாக இருக்க வேண்டும், முடிந்தவரை ஞாயிறாக இருக்க வேண்டும். மிச்சம் 12 மணி நேரம். வழக்கத்தில் அது வியாழன் மதியமாகிவிட்டது. எந்தப் பெண்ணுக்கும் தனக்கென்று இருந்த நேரம் அவ்வளவுதான். அந்த நேரத்தில் சதுக்கத்தில் என்ன நடந்தது? எந்த வீட்டில் ஆள் தேவை, எந்த வீட்டில் சம்பளத்தை இழுத்தடிக்கிறார்கள் என்ற தகவல் கைமாறியது. ஊருக்குப் போகிறவள் கையில் பணமும் பொட்டலமும் கொடுத்தனுப்பப்பட்டன. கொண்டுவந்த சோற்றைப் பகிர்ந்து சாப்பிட்டார்கள். ஒருத்திக்கு ஒருத்தி தலை பின்னிவிட்டார்கள்.

இந்த ஆய்வில் நான் பார்க்க நினைத்தது ஒரே ஒரு விஷயத்தைத்தான். தொழிற்சாலையில் 200 பேர் வேலை செய்தால் வாசலில் நின்று பேசிக்கொள்ளலாம், ஒன்றாகச் சேர்ந்து வேலையை நிறுத்தலாம். வீட்டுக்கு ஒருத்தி என்று கதவுக்குப் பின்னால் அடைபட்ட பெண்கள் எப்படி ஒன்று சேர்வார்கள்? மாட்ரிட்டில் டொமினிக்கன் பெண்கள் சேர்ந்தார்கள். அவர்களுடைய சங்கங்களுக்கு அடித்தளம் அந்தச் சதுக்கத்தில் விழுந்தது என்பது என் துணிபு. வரலாற்றில் பதிவானது ஒரு கொலை. ஆனால் கொலை நடப்பதற்கு முன்பே அங்கே ஒரு வலை பின்னப்பட்டிருந்தது.

விசென்டே நோப்ளே என்ற ஊர்

டொமினிக்கன் குடியரசு என்றாலே வெளிநாடு போவது நியூயார்க்குக்கு என்றுதான் நினைப்போம். அந்தப் பாதை 1960-களிலேயே போடப்பட்டுவிட்டது. சர்வாதிகாரி ட்ருஹியோ 1961-ல் கொல்லப்பட்டார், 1965-ல் அமெரிக்கப் படை நாட்டுக்குள் இறங்கியது. அதன்பின் தலைநகரிலிருந்தும் வடக்கே சிபாவோ வட்டாரத்திலிருந்தும் மக்கள் மன்ஹாட்டனின் வாஷிங்டன் ஹைட்ஸ் பகுதிக்குக் குடியேறினார்கள். அங்கே 1988-ல் டொமினிக்கன் பெண்களே தங்களுக்கென்று ஒரு மேம்பாட்டு மையம் தொடங்கினார்கள். குடும்ப வன்முறைக்கு ஆளானவர்களுக்கு உதவுவது அதன் முக்கியப் பணிகளில் ஒன்று. அது தனியாக எழுத வேண்டிய கதை.

தென்மேற்கில் இருந்த ஏழை ஊர்களுக்கு அந்த வசதி வாய்க்கவில்லை. அழைத்துக்கொள்ள நியூயார்க்கில் சொந்தக்காரர் இல்லை, அமெரிக்க விசாவும் எட்டாத உயரம். பராவோனா மாகாணத்தில் உள்ள விசென்டே நோப்ளே அப்படிப்பட்ட ஒரு விவசாய ஊர். 1980-கள் அந்த நாட்டுக்கு மோசமான பத்தாண்டு. சர்க்கரை விலை வீழ்ந்தது, சர்வதேச நாணய நிதியத்தின் நிபந்தனைகளால் விலைவாசி ஏறியது, 1984 ஏப்ரலில் தெருக்களில் கலவரம் வெடித்துப் பலர் செத்தார்கள். ஊரில் ஆண்களுக்கும் வேலை இல்லை, பெண்களுக்கும் இல்லை.

அதே நேரத்தில் ஸ்பெயின் வேறு திசையில் போய்க்கொண்டிருந்தது. 1986-ல் ஐரோப்பியச் சமூகத்தில் சேர்ந்தது. நடுத்தர வர்க்கப் பெண்கள் வேலைக்குப் போகத் தொடங்கினார்கள். ஆனால் குழந்தையைப் பார்க்க, முதியவரைப் பார்க்க அரசு பெரிதாக எதையும் ஏற்பாடு செய்யவில்லை. வீட்டு ஆண்களும் அந்த வேலையைக் கையில் எடுக்கவில்லை. அந்த இடத்தை நிரப்ப வெளியிலிருந்து ஆள் வேண்டியிருந்தது, அதுவும் பெண்ணாக வேண்டியிருந்தது. மொழி ஒன்று, மதம் ஒன்று. விசென்டே நோப்ளேயிலிருந்து ஒருத்தி போனாள், தங்கையை அழைத்தாள், தங்கை பக்கத்து வீட்டுக்காரியை அழைத்தாள். இந்தக் குடியேற்றத்தில் முதலில் கிளம்பியவர்கள் பெண்கள். கணவன்மார் ஊரிலேயே இருந்தார்கள். மனைவி முன்னே போய்ப் பின்னர் கணவனை அழைப்பது அந்தக் காலத்துக்குப் புதுசு.

பயணச் செலவு கடன். வீட்டையோ நிலத்தையோ வட்டிக்காரரிடம் அடகு வைத்தார்கள். இடையில் புஸ்கோன் என்று அழைக்கப்படும் ஏஜெண்ட் ஒருவர் இருப்பார். சுற்றுலாப் பயணி என்று சொல்லித்தான் மாட்ரிட் விமான நிலையத்தில் இறங்க வேண்டும், கையில் செலவுக்குப் பணம் இருப்பதைக் காட்ட வேண்டும். அதற்கும் கடன். அங்கேயே தடுத்துத் திருப்பி அனுப்பப்பட்டால் வீடும் போகும், வேலையும் இல்லை. உள்ளே விட்டாலும் முதல் பல மாதச் சம்பளம் நேரே வட்டிக்குத்தான். முதலாளியம்மா கத்தினாலும், சாப்பாடு பத்தாவிட்டாலும், அந்த வேலையை விட முடியாமல் ஒரு பெண் இருந்ததற்குக் காரணம் அந்த அடகுச் சீட்டு. சங்கம் பேசும்போது இதைத்தான் முதலில் புரிந்துகொள்ள வேண்டியிருந்தது. ‘உன் உரிமையைக் கேள்’ என்று சொல்வது சுலபம். ஊரில் அம்மா குடியிருக்கும் வீடு அடகில் இருக்கும்போது கேட்பது சுலபமில்லை.

வீட்டோடு தங்கி வேலை செய்பவளை ஸ்பெயினில் இன்டெர்னா என்பார்கள். மேலே சொன்ன 1985 அரசாணை அவளுக்கு வைத்திருந்த ஏற்பாட்டைக் கொஞ்சம் பாருங்கள். ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டியதில்லை, வாய்ப்பேச்சு போதும். தங்க இடம், சாப்பாடு என்று கணக்குக் காட்டிச் சம்பளத்தில் 45 சதவீதம் வரை கழித்துக்கொள்ளலாம். வேலை நேரம் முடிந்த பிறகும் ‘வீட்டில் இரு’ என்று சொல்லலாம், அந்த நேரத்துக்கு வரம்பு இல்லை. பிடிக்கவில்லை என்றால் காரணம் சொல்லாமல் அனுப்பிவிடலாம், ஓர் ஆண்டு வேலைக்கு 7 நாள் சம்பளம் கொடுத்தால் போதும். வேலை போனால் மற்றத் தொழிலாளர்களுக்கு உள்ள வேலையிழப்பு உதவித்தொகை இவளுக்குக் கிடையாது. இதெல்லாம் சட்டத்தை மீறி நடந்தவை என்று நினைத்துவிடக் கூடாது. சட்டமே இப்படித்தான் இருந்தது.

1992 நவம்பர்

சதுக்கத்தில் கூட்டம் கூடுவது சுற்றியிருந்த குடியிருப்பாளர்கள் சிலருக்குப் பிடிக்கவில்லை. சத்தம், குப்பை என்று புகார்கள் போயின. சுவர்களில் இனவெறி வாசகங்கள் முளைத்தன. போலீஸ் வந்து வசிப்பு அனுமதிக் காகிதம் கேட்டுச் சோதனை போட்டது. தங்கள் வீட்டுக் குழந்தையைக் குளிப்பாட்டித் தூங்கவைப்பவள் அதே தெருவில் பத்துப் பேரோடு உட்கார்ந்து சிரிப்பதைப் பார்க்க முடியவில்லை. இதை எழுதும்போது எனக்குக் கோபம் வருகிறது, அதை மறைக்கவும் விரும்பவில்லை.

விசென்டே நோப்ளேயைச் சேர்ந்த லுக்ரேசியா பெரெஸ் அந்த ஆண்டு அக்டோபரில் மாட்ரிட் வந்தார். 30-களின் தொடக்கத்தில் இருந்தவர். சின்ன மகளை ஊரில் விட்டு வந்திருந்தார். கிடைத்த வீட்டு வேலை சில வாரங்களில் போய்விட்டது. இருக்க இடம் இல்லாமல், நெடுஞ்சாலை ஓரத்தில் கைவிடப்பட்டுக் கிடந்த ‘ஃபோர் ரோசஸ்’ என்ற பழைய டிஸ்கோ கட்டடத்தில், வேறு டொமினிக்கன் மக்களோடு ஒதுங்கினார். நவம்பர் 13-ஆம் தேதி இரவு, மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் அவர்கள் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது நான்கு பேர் உள்ளே நுழைந்தார்கள். ஒருவன் சிவில் கார்டு என்ற ஸ்பெயின் போலீஸ் படையின் காவலர், வயது 25. மற்ற மூவரும் பதின்ம வயதினர். காவலர் தன் பணித் துப்பாக்கியால் இருட்டுக்குள் சுட்டான். லுக்ரேசியா இறந்தார், இன்னொருவர் காயமடைந்தார். மாட்ரிட் வந்து ஏறத்தாழ ஒரு மாதம்தான் ஆகியிருந்தது.

ஸ்பெயினில் இனவெறிக் கொலை என்று வெளிப்படையாக ஏற்றுக்கொள்ளப்பட்ட முதல் வழக்கு இதுதான். பார்சிலோனா ஒலிம்பிக்ஸும் செவில்லே கண்காட்சியும் நடந்த ஆண்டு அது. கொலம்பஸ் கரீபியத் தீவுகளில் இறங்கி 500 ஆண்டு ஆனதை ஸ்பெயினும் டொமினிக்கன் குடியரசும் கொண்டாடிக்கொண்டிருந்தன. கொலைக்குச் சில நாட்களுக்குள் ஆயிரக்கணக்கானோர் தெருவில் இறங்கினார்கள். 1994-ல் காவலருக்கு 54 ஆண்டும், மற்ற மூவருக்கும் தலா 24 ஆண்டும் சிறைத் தண்டனை விதிக்கப்பட்டது. லுக்ரேசியாவின் உடல் விசென்டே நோப்ளேக்குப் போய்ச் சேர்ந்தது.

கொலைக்குப் பிறகு சதுக்கம் மெல்ல வெறிச்சோடியது. பெண்கள் மாட்ரிட்டுக்குள்ளேயே டெட்டுவான், குவாத்ரோ காமினோஸ் பகுதிகளுக்கு நகர்ந்தார்கள். இப்போது டெட்டுவானின் டோபெட்டே தெருவில் நடந்தால் வரிசையாக டொமினிக்கன் அழகு நிலையங்கள், சாப்பாட்டுக் கடைகள். சதுக்கத்தில் தலை பின்னிவிட்ட கைகளுக்கு ஒரு கூரை கிடைத்தது என்று எனக்குத் தோன்றும்.

சங்கங்கள் செய்தது என்ன

1990-களின் தொடக்கத்தில் மாட்ரிட்டில் இரண்டு அமைப்புகள் உருவாயின. ஒன்று வோமாதே. விரித்துச் சொன்னால் டொமினிக்கன் அன்னையர் தன்னார்வக் குழு. இன்னொன்று அம்தே, அதாவது ஸ்பெயினில் உள்ள டொமினிக்கன் பெண்கள் சங்கம். இரண்டையும் தொடங்கியவர்கள் குடியேறிய பெண்களே.

‘அன்னையர்’ என்ற பெயர் எனக்கு முதலில் கொஞ்சம் உறுத்தியது. பெண்ணைத் தாயாக மட்டும் பார்க்கும் பழைய புத்தி என்று நினைத்தேன். பிறகுதான் புரிந்தது. இங்கே தாய் என்றால் தன் பிள்ளையைக் கடலுக்கு அப்பால் விட்டுவிட்டு, இன்னொருத்தி பிள்ளையை வளர்ப்பவள். அவளைச் சங்கத்துக்குக் கொண்டுவந்த முதல் கேள்வியும் பெரும்பாலும் அதுதான்: ‘என் பிள்ளையை எப்போது அழைத்துக்கொள்ள முடியும்?’

அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லப் போனால் முழுச் சட்டச் சிக்கலும் வெளியே வரும். பிள்ளையை அழைக்க வேண்டுமென்றால் தாய்க்கு வசிப்பு அனுமதி இருக்க வேண்டும். வசிப்பு அனுமதிக்கு வேலை ஒப்பந்தம் வேண்டும். ஒப்பந்தத்தில் முதலாளியம்மா கையெழுத்துப் போட்டால் அவர் சமூகப் பாதுகாப்புக்குப் பணம் கட்ட வேண்டும், அதனால் பலர் போட மாட்டார்கள். போட்டாலும் பிள்ளைகள் தங்கத் தகுந்த வீடு இருப்பதைக் காட்ட வேண்டும். இன்டெர்னாவாக அடுக்களை பக்கத்து அறையில் தூங்குபவளுக்கு ஏது வீடு? ஆக அவள் முதலில் எக்ஸ்டெர்னா ஆக வேண்டும், அதாவது காலையில் போய் மாலையில் திரும்பும் வேலைக்கு மாற வேண்டும். அதில் கையில் வரும் பணத்தில் வாடகை போய்விடும். அப்போது ஊருக்கு அனுப்புவது குறையும். ஒரு முடிச்சை அவிழ்த்தால் இன்னொன்று இறுகும்.

1991-ல் ஸ்பெயின் அரசு காகிதம் இல்லாதவர்களுக்கு ஒருமுறை வாய்ப்புக் கொடுத்தது. சுமார் 1,10,000 பேர் அனுமதி பெற்றார்கள். 1993-லிருந்து டொமினிக்கன் மக்களுக்கு விசா கட்டாயமானது. அதே ஆண்டு வீட்டு வேலைக்கும் விவசாயத்துக்கும் ஆண்டுதோறும் இத்தனை பேர் என்று ஒதுக்கீட்டு முறையும் வந்தது. கதவை ஒரு பக்கம் சாத்தி, வேலைக்காரிகளுக்கென்று ஒரு சின்ன வாசலைத் திறந்து வைத்ததுபோல. எந்த ஆண்டு எந்த வாசல் திறக்கிறது, எந்தத் தாள் வேண்டும் என்று விளக்கிச் சொல்வதும், சட்ட ஆலோசனை தருவதும், வேலை பிடித்துத் தருவதும், பயிற்சி கொடுப்பதும் சங்கங்களின் அன்றாட வேலையாயின. இன்னொரு சட்டப் பிரிவும் பெரிதும் உதவியது. பொதுவாக ஸ்பெயின் குடியுரிமைக்கு 10 ஆண்டு சட்டப்படி வசித்திருக்க வேண்டும். லத்தீன் அமெரிக்க நாட்டவருக்கு 2 ஆண்டு போதும், சொந்த நாட்டுக் குடியுரிமையையும் விட வேண்டியதில்லை. இதைத் தெரிந்துகொண்ட பெண்ணுக்குப் போலீஸைப் பார்த்து ஒதுங்கி நடக்கும் நாட்களுக்கு ஒரு முடிவு தேதி தெரிந்தது.

இதோடு ஊரிலிருந்து கொண்டுவந்த ஒரு பழக்கமும் கைகொடுத்தது. டொமினிக்கன் பெண்கள் ‘சான்’ என்று ஒன்று போடுவார்கள். நம் ஊர்ச் சீட்டேதான். பத்துப் பேர் சேர்ந்து வாரம் இவ்வளவு என்று போட்டு, முறை வைத்து ஒருத்தி மொத்தமாக எடுப்பது. ஏலம் இல்லை, வட்டி இல்லை, எழுத்துப் பத்திரமும் இல்லை. வங்கிக் கணக்கு திறக்கக் காகிதம் இல்லாதவளும் ‘சான்’ எடுத்து விமான டிக்கெட் வாங்கலாம், வாடகை முன்பணம் கட்டலாம். அறிமுகமில்லாத ஊரில் ஒருத்தி பேச்சை நம்பி இன்னொருத்தி பணம் கொடுக்கிறாள் என்றால் சங்கத்துக்கு வேண்டிய நம்பிக்கை அங்கே ஏற்கெனவே இருக்கிறது.

ஊர்ப் பக்கம்

ஐ.நா.வின் பெண்கள் ஆய்வு நிறுவனமான இன்ஸ்ட்ரா அப்போது சாந்தோ டொமிங்கோவில் இயங்கியது. 2000-களின் நடுவில் அது விசென்டே நோப்ளேயை எடுத்துக்கொண்டு, பெண்கள் அனுப்பும் பணம் ஊரை என்ன செய்கிறது என்று ஆராய்ந்தது. அதில் தெரியவந்த ஒரு விஷயம் என்னை உலுக்கியது. முதலில் பணம் கணவனுக்குப் போனது. பல வீடுகளில் அவன் அதைக் குடித்தோ வேறு பெண்ணிடம் கொடுத்தோ தீர்த்தான். பிறகு பெண்கள் பணத்தைத் தாய்க்கும் சகோதரிக்கும் அனுப்ப ஆரம்பித்தார்கள். பிள்ளைகளும் பாட்டி வீட்டுக்குப் போனார்கள். ஆக, ஒரு பெண் மாட்ரிட்டில் வேலை செய்ய, ஊரில் இன்னொரு பெண், அதுவும் வயதானவள், கூலி இல்லாமல் பிள்ளை வளர்க்க வேண்டியிருந்தது. இவ்வளவுக்கும் நடுவில் ஊர் வாய் சும்மா இருக்கவில்லை. குடும்பம் சிதைந்தால் பழி போனவள் மேல். பிள்ளை படிக்காமல் போனால் அதுவும் அவள் மேல். அவள் அங்கே என்ன வேலை செய்கிறாளோ என்ற சந்தேகப் பேச்சு வேறு.

சொந்த நாட்டிலும் திட்டங்கள் நடத்தலாம் என்று வோமாதே போன்ற அமைப்புகள் முயன்றன. ஸ்பெயினில் அப்போது ‘கூட்டு வளர்ச்சி’ என்ற பெயரில் அதற்கு நிதி கிடைத்தது. நல்ல நோக்கம்தான். ஆனால் பாதிச் சம்பளத்தை ஊருக்கு அனுப்பிவிட்டு அடுக்களையில் நிற்பவளிடம் ‘உன் ஊரின் வளர்ச்சியும் உன் பொறுப்பு’ என்று சொல்வதில் எனக்குச் சம்மதமில்லை. சாலையும் குடிநீரும் ஓர் அரசாங்கம் செய்ய வேண்டியவை.

முட்டிக்கொண்ட இடம்

இந்தச் சங்கங்களுக்கு இரண்டு இடத்தில் முட்டியது. முதலாவது, வேலை பிடித்துத் தருவது. தேடிவந்த பெண்ணுக்கு உடனே தேவைப்பட்டது அதுதான், மறுக்க முடியாது. ஆனால் மாட்ரிட் கேட்டதெல்லாம் வீட்டு வேலைக்காரி. ஆசிரியராகவோ அலுவலகத்திலோ இருந்துவிட்டு வந்தவளையும் சங்கம் அதே அடுக்களைக்குத்தான் அனுப்ப முடிந்தது. இரண்டாவது, பணம். அரசு மானியத்தில் ஓடும் அமைப்பு அரசின் பட்ஜெட்டோடு சுருங்கும். 2008 நெருக்கடிக்குப் பிறகு அதுதான் நடந்தது. குடியேறியவர்களின் ஒருங்கிணைப்புக்காக 2005-ல் தொடங்கிய தேசிய நிதி 2012-ல் நிறுத்தப்பட்டது. அதே 2012-ல் காகிதம் இல்லாதவர்களுக்கு அரசு மருத்துவமும் மறுக்கப்பட்டது. அது 2018-ல்தான் திரும்ப வந்தது.

அடுத்த படி வேறு மாதிரி அமைப்பிலிருந்து வந்தது. 2006-ல் மாட்ரிட்டில் டெரிடோரியோ டொமெஸ்டிகோ என்ற கூட்டமைப்பு தொடங்கியது. பல நாட்டு வீட்டு வேலைப் பெண்கள் அதில் உண்டு. தொடங்கியவர்களில் ஒருவர் ரஃபாயெலா பிமென்டெல், டொமினிக்கன், 1992-ல் மாட்ரிட் வந்தவர். சாந்தோ டொமிங்கோவின் குடியிருப்பு இயக்கங்களில் பழகியவர். இது முக்கியம். குடியேறியவள் என்றாலே ஒன்றும் தெரியாதவள் என்று நினைப்பவர்கள் இருக்கிறார்கள். உலகமே நவம்பர் 25-ஐப் பெண்கள் மீதான வன்முறைக்கு எதிரான நாளாகக் கடைப்பிடிக்கக் காரணம், 1960-ல் ட்ருஹியோ ஆட்சி கொன்ற மிராபால் சகோதரிகள் மூவர். அந்த நாட்டுப் பெண்களுக்குப் போராட்டம் மாட்ரிட்டில் வந்து கற்ற பாடமில்லை.

இந்தக் கூட்டமைப்பு வேலை பிடித்துத் தரவில்லை. லாவபியேஸ் பகுதியில் ஒரு பெண்ணிய மையத்தில் கூடினார்கள். ஏப்ரனும் துடைப்பமுமாகத் தெருவில் ஃபேஷன் ஷோ போல அணிவகுத்தார்கள். ‘நாங்கள் இல்லாமல் உலகம் அசையாது’ என்பது அவர்களுடைய முழக்கம். 1992-ல் சதுக்கத்தில் கூடியதற்காக விரட்டப்பட்டவர்களைப் போன்ற வேலைக்காரப் பெண்கள் இப்போது வேண்டுமென்றே தெருவில் கூடினார்கள்.

சட்டம் மெதுவாக அசைந்தது. 2011-ல் பழைய அரசாணை மாற்றப்பட்டது. ஒப்பந்தம் எழுத்தில் வந்தது, சாப்பாடு, தங்குமிடக் கழிவு 30 சதவீதத்துக்கு மேல் போகக் கூடாது என்றானது. ஆனாலும் வேலையிழப்பு உதவி இல்லை. 2022 பிப்ரவரியில் ஐரோப்பிய நீதிமன்றம், இந்த வேலையில் இருப்பவர்கள் ஏறத்தாழ எல்லோரும் பெண்கள், ஆகவே அவர்களை மட்டும் ஒதுக்கிவைப்பது பாலினப் பாகுபாடு என்றது. அந்த வழக்கை ஸ்பெயினில் ஒரு வீட்டு வேலைப் பெண் தொடுத்திருந்தார். அந்த ஆண்டு செப்டம்பரில் உதவித்தொகை உரிமை வந்தது. காரணம் சொல்லாமல் அனுப்பும் வசதியும் எடுக்கப்பட்டது. வீட்டு வேலைத் தொழிலாளர்களுக்கான சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 189-ஆம் உடன்படிக்கையையும் ஸ்பெயின் ஏற்றது. அராவாகாவிலிருந்து எண்ணினால் 30 ஆண்டு.

1990-ல் 33 வயதில் வந்தவளுக்கு இப்போது 65 தாண்டிவிட்டது. முதுகும் முழங்காலும் தேய்ந்திருக்கும். ஸ்பெயினில் பங்களிப்பு ஓய்வூதியத்துக்குக் குறைந்தது 15 ஆண்டு சமூகப் பாதுகாப்பில் பணம் கட்டியிருக்க வேண்டும். முதலாளியம்மா கையெழுத்துப் போடாமல் கடத்திய ஆண்டுகள் அந்தக் கணக்கில் இல்லை. 15 சேராதவளுக்கு இன்னொரு ஓய்வூதியம் உண்டு, தொகை சின்னது, வருமானம் குறைந்தவள் 10 ஆண்டு சட்டப்படி வசித்திருக்க வேண்டும். அதற்கு இன்னொரு நிபந்தனையும் இருக்கிறது. ஆண்டில் 90 நாளுக்கு மேல் ஸ்பெயினை விட்டு வெளியே இருக்கக் கூடாது. தான் அனுப்பிய பணத்தில் விசென்டே நோப்ளேயில் கட்டிய வீட்டில், அவள் ஆண்டுக்கு மூன்று மாதம் தங்கலாம்.